மங்கள்பூர் குளத்தில் இறங்கியவன்

நள்ளிரவு. மேற்கு வங்காளத்தில் மங்கள்பூர் என்றொரு கிராமம். தாமரைக் குளத்து நீரில் விண்மீனின் பிம்பம்போல ஓர் ஒளிப்புள்ளி தெரிகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதாகிறது. வானிலிருந்து இறங்கும் ஏதோ ஒன்று குளத்துக்குள் அமிழ்கிறது. விடிந்ததும் ஊரார் காண்பது, தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பொன்னிறக் கூர்முனை ஒன்றை. புதைந்துபோன கோயில் மறுபடி எழுகிறது, இது அதன் கலசம் என்று முடிவுகட்டிப் பூசையைத் தொடங்கிவிடுகிறார்கள். ககன்லால் லக்ஷ்மிதாஸ் பஜோரியா என்னும் மார்வாடி முதலாளிக்குச் செய்தி எட்டுகிறது. கோயிலை வெளியே எடுத்துப் பளிங்கு பதித்து, மீட்டுக் கொடுத்தவர் இன்னார் என்று தன் பெயரைப் பொறித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அதே ஊரில் வறண்ட நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருக்கிறார் ஜோ டெவ்லின் என்னும் அமெரிக்கப் பொறியாளர். கல்கத்தாவிலிருந்து மோகன் என்ற பத்திரிகையாளர் வந்திருக்கிறார். கடவுளையும் நம்பாதவர், அற்புதத்தையும் நம்பாதவர். குளத்துக்குள் இருப்பவனோ இரவில் வெளியே வந்து விளையாடுகிறான். ஏழை விவசாயியின் நெற்பயிர் ஒரே இரவில் முற்றிவிடுகிறது. பருவம் தப்பி மாமரம் காய்க்கிறது. சிதையில் கிடக்கும் பிணம் கண் திறக்கிறது. பிச்சையெடுத்தும் பழம் திருடியும் வயிறு கழுவும் ஹாபா என்ற சிறுவனின் கனவில் மட்டும் அவன் வந்து பேசுகிறான்.

1967இல் சத்யஜித் ராய் எழுதி முடித்த ‘தி ஏலியன்’ திரைக்கதையின் அடிப்படை இது. கொலம்பியா நிறுவனம் பணம் போட முன்வந்தது. பஜோரியாவாக நடிக்க பீட்டர் செல்லர்ஸ் ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஒரு காட்சிகூடப் படமாகவில்லை. 15 ஆண்டுகள் கழித்து ஸ்டீவன் ஸ்பீல்பெர்கின் ‘ஈ.டி.’ வெளிவந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ராயின் திரைக்கதையைப் பற்றிய பேச்சு ஒரே கேள்வியில் சிக்கிக்கொண்டு நிற்கிறது: ஹாலிவுட் அதைத் திருடியதா?

கேள்வி நியாயமானது, அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியே எடுக்கப்படாத இந்தப் படத்துக்கு இரண்டாவது அநீதியாகிவிட்டது என்பது என் துணிபு. திரைக்கதையைப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அதில் உள்ளவை 1960களின் வங்காளம், பட்டினி, பக்தி, அந்நிய உதவி. படத்தின் உண்மையான பாதிப்பைத் தேட வேண்டிய முதல் இடமும் கலிபோர்னியா அன்று. ராயின் பிற்காலப் படங்கள்.

விஞ்ஞானக் கற்பனை ராய் குடும்பத்துக்குப் புதிதன்று. தந்தை சுகுமார் ராய், கோனன் டாயிலின் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ கதையைக் கிண்டல் செய்து ‘ஹேஷோராம் ஹுஷியாரின் டைரி’ எழுதினார். தாத்தா உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ சிறுவர் இதழ் நின்றுபோயிருந்தது. 1961இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து ராய் அதை மீண்டும் கொண்டுவந்தார். பக்கங்களை நிரப்பியாக வேண்டும் என்ற கட்டாயத்தில்தான் அவரே கதை எழுதத் தொடங்கினார். பேராசிரியர் ஷோங்கு என்னும் அவருடைய கதாபாத்திரம் பிறந்தது அப்படித்தான். 1962இல் அதே இதழில் வந்தது ‘பங்குபாபுவின் நண்பன்’.

பங்குபாபு ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர். பரம சாது. மாணவர்கள் கேலி செய்வார்கள். மாலையில் வக்கீல் வீட்டுத் திண்ணையில் கூடும் பெரியவர்கள் அதைவிட மோசமாகக் கேலி செய்வார்கள். ஓர் இரவு வீடு திரும்பும் வழியில், மூங்கில் தோப்பில் இறங்கியிருக்கும் விண்கலத்தையும் ஆங் என்னும் வேற்றுக்கிரகவாசியையும் அவர் சந்திக்கிறார். ஊரைத் தாண்டி எங்கும் போகாத அந்தப் புவியியல் வாத்தியாருக்கு ஆங் வடதுருவத்தையும் பிரேசில் காட்டையும் காட்டுகிறான். இத்தனை சாதுவாக இருப்பது நல்லதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறான். மறுநாள் பங்குபாபு அந்தக் கூட்டத்துக்குப் போய் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்து வருகிறார். சிறுவர்களுக்கான சிறிய கதைதான். ஆனால் அப்போது அமெரிக்கத் திரையில் வந்துகொண்டிருந்த வேற்றுக்கிரகவாசிகளில் பெரும்பாலோர் பூமியைப் பிடிக்க வந்தவர்கள். கெடுபிடிப்போரின் அச்சத்துக்கு உருவம் கொடுத்தவர்கள். 1963இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த நம் ‘கலை அரசி’யில்கூட, இசை இல்லாத கிரகத்துக்காரர்கள் பாடகியைக் கடத்திக்கொண்டு போகத்தான் பூமிக்கு வருகிறார்கள். ராயின் ஆங் எதையும் எடுத்துக்கொள்ள வரவில்லை. அவமானப்பட்ட மனிதன் ஒருவனுக்கு அவனுடைய மதிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

இந்த விதை திரைக்கதையாக வளர்ந்த கதையில் நமக்கு நெருக்கமான ஒரு கிளை உண்டு. அது இலங்கை வழியாகப் போகிறது.

வங்காளத்தின் முதல் அறிவியல் புனைகதை இதழான ‘ஆச்சர்ய’வை நடத்திய அத்ரீஷ் பர்தன், ராயின் தலைமையில் கல்கத்தாவில் அறிவியல் புனைவுத் திரைப்படக் கழகம் ஒன்றை உருவாக்கினார். ராய்க்கும் ஆர்தர் சி. கிளார்க்குக்கும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது 1960களின் நடுப்பகுதியில். கிளார்க் 1956 முதல் இலங்கையில் குடியிருந்தவர். ஸ்டான்லி குப்ரிக்குடன் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யில் அவர் ஈடுபட்டிருந்த காலத்தில் லண்டனில் இருவரும் சந்தித்தார்கள். மனதில் இருந்த படத்தைப் பற்றி ராய் சொன்னார். கிளார்க் அதைக் கொழும்பில் தன் நண்பர் மைக் வில்சனிடம் சொன்னார்.

இந்த மைக் வில்சன் ஒரு தனிக் கட்டுரைக்கு உரியவர். பிரிட்டனில் பிறந்தவர், கடலில் மூழ்குவதில் தேர்ந்தவர், நீரடிப் புகைப்படக்காரர். கிளார்க்குடன் இலங்கைக்கு வந்த அவர், திருகோணமலையில் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோணேசுவரம் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார். சம்பந்தர் பாடிய அந்தத் தலத்தைப் போர்த்துகீசியர் 17ஆம் நூற்றாண்டில் தகர்த்துக் கடலில் தள்ளியிருந்தார்கள். செதுக்கப்பட்ட தூண்களும் கற்களும் அங்கே நீருக்கடியில் கிடந்தன. கிளார்க் 1957இல் வெளியிட்ட ‘தி ரீஃப்ஸ் ஆஃப் டேப்ரபேன்’ நூலில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1961இல் இலங்கையின் தென்கிழக்குக் கடலில், கிரேட் பாஸஸ் பாறைத் தொடரருகே, வெள்ளி நாணயங்கள் ஏற்றிவந்து மூழ்கிய கப்பலொன்றை வில்சன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டு அவர் இயக்கிய ‘ரன் முத்து துவ’, சிங்களத்தின் முதல் வண்ணப்படம். நீரடிக் காட்சிகளுக்காகவே மக்கள் திரண்டு பார்த்த வெற்றிப்படம். நீருக்குள் கிடந்த நிஜக் கோயிலைத் தன் கையால் தொட்ட ஒருவர், நீருக்குள்ளிருந்து எழுவதாக மக்கள் நம்பும் பொய்க் கோயிலைப் பற்றிய படத்துக்குத் தயாரிப்பாளராக வந்து சேர்ந்தார். தற்செயல்தான். ஆனாலும் ராயின் கதையை இவரளவுக்கு உடலால் அறிந்திருக்கக்கூடிய வேறொருவர் அன்று இருந்திருக்க மாட்டார்.

வில்சன் தாமே ராய்க்கு எழுதினார். 1967 தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார். அவர் உடனிருக்கும்போதே ராய் திரைக்கதையை எழுதி முடித்தார். அதன் பின் எல்லாம் தலைதெறிக்கும் வேகத்தில் நடந்தன. ஏப்ரலில் பாரிஸ். ராயின் படம் எதையும் அதுவரை பார்த்திராத செல்லர்ஸுக்கு ‘சாருலதா’ போட்டுக் காட்டப்பட்டது, அவர் ஒத்துக்கொண்டார். ஜூனில் ஹாலிவுட். பொறியாளர் வேடத்துக்கு மார்லன் பிராண்டோ, ஸ்டீவ் மக்வீன் போன்ற பெயர்கள் அடிபட்டன. அங்கேதான் ராய் தன் திரைக்கதையின் சைக்ளோஸ்டைல் பிரதிகள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். முகப்பில் உரிமை வில்சனுக்கும் ராய்க்கும் கூட்டாக என்று போட்டிருந்தது. எழுதியது முழுக்கத் தான் என்பதையும், கொலம்பியா கொடுத்த 10,000 டாலர் முன்பணத்தில் ஒரு காசுகூடத் தன்னிடம் வரவில்லை என்பதையும் ராய் பின்னர் எழுத்தில் பதிவு செய்தார்.

அந்தச் சமயத்தில் செல்லர்ஸ் ‘தி பார்ட்டி’ படத்தில் ஹ்ருந்தி வி. பக்‌ஷி என்ற கோமாளி இந்திய நடிகனாக நடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாத்திரம் தான் வளர்த்த குரங்கின் பெயர் அபு என்று சொல்லும். ‘அபு’ வரிசைப் படங்களை எடுத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! இந்தியர்களைப் பற்றிய மேற்கின் கேலிச்சித்திரத்துக்குள் தன் படமும் விழுந்துவிடுமோ என்ற பயம் ராய்க்கு அங்கேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பஜோரியாவும் சிரிப்பூட்டும் பாத்திரம்தான். ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்கும் கண் கல்கத்தாவினுடையது. பெவர்லி ஹில்ஸின் சிரிப்பு வேறு.

முடிவு சுருக்கமானது, கசப்பானது. வில்சன் விலகினால்தான் மேலே போக முடியும் என்ற நிலைக்குக் கொலம்பியா வந்தது. 1968இல் செல்லர்ஸ் தன் பாத்திரம் முழுமையாக அமையவில்லை என்று எழுதி ஒதுங்கிக்கொண்டார். சமரசம் பேச முயன்ற கிளார்க்கிடமிருந்து ராய்க்கு ஒரு செய்தி வந்தது: வில்சன் தலையை மழித்துக்கொண்டு தவம் செய்யத் தென்னிந்தியக் காட்டுக்குப் போய்விட்டார். பிறகு வில்சனே கோபம் கொப்பளிக்க ஒரு கடிதம் எழுதி உரிமையை விட்டுக்கொடுத்தார். சுவாமி சிவ கல்கி என்ற பெயரில், கதிர்காமத்து முருகனின் பக்தராக இலங்கையில் வாழ்ந்து 1995இல் மறைந்தார். அவரை வெறும் ஏமாற்றுக்காரராக எழுதிவிடுவது எளிது. பலர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஆடம்பரத்துக்கும் துறவுக்கும் இடையே இப்படி ஊசலாடிய மனிதர் ராயின் கதையிலேயே ஒரு பாத்திரமாக இருந்திருக்கலாம்.

இனி ‘ஈ.டி.’க்கு வருவோம். 1982இல் படம் வெளிவந்ததும், இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டியவர்களில் முக்கியமானவர் கிளார்க். அமெரிக்கா முழுவதும் தன் திரைக்கதையின் பிரதிகள் கிடைத்திருக்காவிட்டால் ‘ஈ.டி.’ சாத்தியமாகியிருக்காது என்று ராய் பத்திரிகைகளிடம் சொன்னார். திரைக்கதை சுற்றிவந்த காலத்தில் தான் உயர்நிலைப் பள்ளி மாணவன் என்பது ஸ்பீல்பெர்கின் மறுப்பு.

இந்த மறுப்பு ஆண்டுக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. ஸ்பீல்பெர்க் பள்ளிப் படிப்பை முடித்தது 1965இல். 1967இல் அவருக்கு வயது 20. மறு ஆண்டே ‘ஆம்ப்ளின்’ குறும்படத்தை எடுத்து யுனிவர்சலின் கவனத்தை ஈர்த்துவிட்டார். கொலம்பியாவுக்கும் அவருக்கும் இருந்த உறவும் கவனிக்க வேண்டியது. 1977இன் ‘குளோஸ் என்கவுண்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்’ கொலம்பியாவின் படம். ‘ஈ.டி.’யும் முதலில் கொலம்பியாவில் கருக்கொண்டு, அவர்கள் கைவிட்ட பிறகு யுனிவர்சலுக்குப் போனதுதான். ஆக, ராயின் திரைக்கதை கிடந்த அதே கட்டடத்தின் வழியாகத்தான் ‘ஈ.டி.’யும் நடந்து போயிருக்கிறது.

இன்னொன்று. ஹாலிவுட்டில் பட்ட பாட்டை விவரித்து ராய் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் நீண்ட கட்டுரை எழுதியது 1980 அக்டோபரில், ‘ஈ.டி.’ வருவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்பு. பிரதிகள் சுற்றியதும், உரிமைக் குழப்பமும், பிறர் வெற்றியைப் பார்த்த பின் கட்டிச் சொல்லப்பட்ட கதைகள் அல்ல.

மறுபக்கத்தையும் அதே நேர்மையோடு வைக்க வேண்டும். ‘ஈ.டி.’ உருவான வழிக்குச் சான்றுகள் உண்டு. ஜான் சேல்ஸ் எழுதிய ‘நைட் ஸ்கைஸ்’ என்ற படமாகாத திகில் திரைக்கதையில், பண்ணை வீட்டைத் தாக்கும் வேற்றுக்கிரகவாசிகளில் ஒருவன் மட்டும் ஒரு சிறுவனுடன் நட்பாகிறான். அந்த இழையை எடுத்து மெலிசா மாதிசன் புதிதாக எழுதினார். பெற்றோரின் மணமுறிவால் தனித்துப்போன பையனுக்கு ஒரு கற்பனைத் தோழன் என்னும் உணர்வு ஸ்பீல்பெர்கின் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது. ‘ஈ.டி.’ தன் கூட்டத்தால் கைவிடப்பட்டவன், வீட்டுக்குப் போகத் தவிப்பவன், அரசு துரத்தும் அகதி. ராயின் விருந்தாளிக்கு அந்தத் தவிப்பு எதுவும் இல்லை. அவன் விளையாட வந்தவன். போகும்போது ஹாபாவையும் உடன் அழைத்துப் போகிறான். இரண்டும் மிக நெருங்குவது, வாடிய செடி துளிர்ப்பது போன்ற உயிரூட்டும் ஆற்றலிலும், குழந்தை அஞ்சத் தேவையில்லாத, குழந்தை போன்ற உருவத்திலும். எண்ணத்துக்கு எந்த நாட்டுச் சட்டமும் பதிப்புரிமை தருவதில்லை. அது வெளிப்பட்ட வடிவத்துக்குத்தான் தருகிறது. வழக்கு என்று போயிருந்தால் ராய் வென்றிருப்பார் என்று நான் நம்பவில்லை. அவரும் வழக்குக்குப் போகவில்லை.

எடுக்கப்படாத படங்களின் பாதிப்பை ஆராய்கிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது அலெஹாந்த்ரோ ஹொடொரோவ்ஸ்கி 1970களின் நடுவில் எடுக்க முயன்ற ‘டியூன்’. அங்கே தடம் தெளிவு: டான் ஓபானன், எச்.ஆர். கீகர், கிறிஸ் ஃபாஸ், மோபியஸ் என அதே ஆட்கள் அங்கிருந்து நேராக ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ படத்துக்குப் போனார்கள். ஆட்கள் வழியே போகும் பாதிப்பை நிறுவிவிடலாம். ராயின் திரைக்கதை காகிதமாக மட்டும் பயணம் செய்தது. அதை யார் எந்த மேசையில் படித்தார்கள் என்பதற்குச் சாட்சியம் இல்லை. ‘பாதித்திருக்கக்கூடும்’ என்ற எல்லையில் நின்றுவிடுவதுதான் முறை. நிற்கலாம், ஏனென்றால் உறுதியாகச் சொல்லக்கூடியவை வேறு இருக்கின்றன.

திரைக்கதை எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். 1966இல் மேற்கு வங்காளத்தில் அரிசிக்காகவும் மண்ணெண்ணெய்க்காகவும் உணவுப் போராட்டம் வெடித்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. பீகாரில் கடும் வறட்சி. பி.எல். 480 திட்டத்தில் வந்த அமெரிக்கக் கோதுமையை நாடு எதிர்பார்த்திருந்தது. 1967 பிப்ரவரித் தேர்தலில் காங்கிரஸ் மேற்கு வங்காளத்தில் ஆட்சியை இழந்தது. மே மாதம் நக்சல்பாரியில் விவசாயிகள் எழுந்தார்கள். ராய் பாரிஸுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் பறந்துகொண்டிருந்த அதே மாதங்கள் அவை.

இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும்போது, வேற்றுக்கிரகத்தான் செய்யும் முதன்மையான ‘அற்புதம்’ ஓர் ஏழையின் நெல்லை ஒரே இரவில் முற்றவைப்பது என்பது வெறும் குறும்பாகத் தெரியவில்லை. அமெரிக்கன் தண்ணீருக்காகத் துளை போடுகிறான், மார்வாடி பளிங்குக்கு விலை பேசுகிறான், ஊரார் கும்பிடுகிறார்கள், பத்திரிகையாளர் சந்தேகப்படுகிறார். இவர்கள் யாரும் செய்யாததை, செய்ய முடியாததை, அது என்னவென்றே தெரியாத ஒரு குழந்தை விளையாட்டாகச் செய்துவிட்டுப் போகிறது. அந்தக் குழந்தையின் உருவத்தை ராய் எப்படி எழுதியிருக்கிறார் என்பதில்தான் என் மனம் நிலைக்கிறது. குள்ளப் பூதத்துக்கும் பட்டினி கிடந்த அகதிக் குழந்தைக்கும் இடைப்பட்ட தோற்றம்: பெரிய தலை, குச்சிக் கைகால், ஒட்டிய உடல். கண் இருக்க வேண்டிய இடத்தில் குழிகள். ஆணா பெண்ணா என்று தெரியாது.

இந்த உருவத்தைக் கல்கத்தாக்காரர் எவரும் வானத்திலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. 1943 பஞ்சத்தில் கஞ்சித் தண்ணீர் கேட்டு நகரத் தெருக்களில் வந்து விழுந்து செத்தவர்களின் குழந்தைகள் அப்படித்தான் இருந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்பது பொதுவான மதிப்பீடு. அப்போது ராய் விளம்பர நிறுவனம் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த 22 வயது இளைஞர். பிரிவினைக்குப் பிறகு கிழக்கிலிருந்து வந்து சியால்தா ரயில் நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த அகதிகளின் குழந்தைகளும் அப்படித்தான் இருந்தார்கள். யாரும் கண்கொண்டு பார்க்காத அந்த உடலுக்கு ராய் அளவற்ற ஆற்றலைக் கொடுத்தார், ஊரையே அதன் முன் நிறுத்தினார். ஸ்பீல்பெர்கின் படைப்பை வடிவமைத்த கார்லோ ராம்பால்டி, ஐன்ஸ்டைன், ஹெமிங்வே முதலியோரின் முதிர்ந்த முகங்களை மாதிரியாகக் கொண்டார். அன்புக்கு ஏங்கும் தாத்தா முகம் அது. அழகானதுதான். ஆனால் ராய் காட்ட விரும்பிய முகம் உலகத் திரைக்கு வராமலே போயிற்று. என் பார்வையில் உண்மையான இழப்பு இது.

அந்த முகம் ராயின் படங்களுக்குள் வேறு வழிகளில் நுழைந்தது. ஹாலிவுட் கதவு மூடிக்கொண்டிருந்த அதே காலத்தில் அவர் எடுத்த படம் ‘கூபி கைன் பாகா பைன்’. 1969இல் வெளிவந்து வங்காளத்தில் பெரும் வெற்றி பெற்றது. தாத்தாவின் பழைய கதை. ராய் நெடுநாளாக எடுக்க நினைத்திருந்ததுதான். என்றாலும் அதன் பூதராஜாவைக் கவனியுங்கள். இருட்டில் மினுக்கும் விளக்குகளோடு தோன்றுகிறான். மாற்றப்பட்டு ஒலிக்கும் அவன் குரல் ராயுடையதே. மூங்கில் காட்டில், ஊரால் துரத்தப்பட்ட இரண்டு அப்பாவிகள் முன் வந்து நின்று வரம் கொடுக்கிறான். முதல் வரம் சாப்பாடும் துணியும். படத்தின் உச்சியில் வானத்திலிருந்து இனிப்புப் பானைகள் இறங்குகின்றன. பட்டினி போடப்பட்ட சிப்பாய்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு அவற்றை நோக்கி ஓட, போர் நின்றுபோகிறது. ஒரே இரவில் நெல்லை முற்றவைத்தவன் இங்கே வேடம் மாறி வந்திருக்கிறான் என்று நான் வாசிக்கிறேன். பங்குபாபுவின் மூங்கில் தோப்பு, தோற்றவர்களுக்கு வந்து சேரும் வானத்து உதவி, உணவே அற்புதமாவது ஆகிய மூன்றும் ஒரே படத்தில் சேர்ந்திருக்கின்றன. கொலம்பியாவின் டாலர் இல்லாமல், பெரும்பகுதி கறுப்பு வெள்ளையிலேயே அது நடந்தது. நான்கு ஆண்டுகளில் ‘அசனி சங்கேத்’ வந்தது. 1943 பஞ்சத்தை அதில் ராய் எந்த மாயமும் இல்லாமல் நேருக்கு நேர் பார்த்தார்.

கடைசிப் படம் இன்னும் வெளிப்படையானது. 1991இன் ‘ஆகந்துக்’, ராய் தாமே எழுதிய ‘அதிதி’ சிறுகதையிலிருந்து பிறந்தது. 35 ஆண்டுகளாகக் காணாமல்போன தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கல்கத்தாவின் நடுத்தரவர்க்க வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். சொத்துக்காக வந்தவரா, போலியா என்று பெரியவர்கள் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள், வக்கீலை வரவழைக்கிறார்கள். வீட்டுச் சிறுவன் மட்டும் சந்தேகமில்லாமல் ஏற்றுக்கொள்கிறான். வந்தவர் பிள்ளைகளை உட்காரவைத்துச் சூரிய, சந்திர கிரகணங்களின் அதிசயத்தை விளக்குகிறார். பழங்குடி மக்களோடு வாழ்ந்த தன் அனுபவத்தை வைத்து ‘நாகரிகம்’ என்று நாம் சொல்வதைக் கேள்விக்குள்ளாக்குகிறார். கேட்காமலே கொடுத்துவிட்டுப் போகிறார். வெளியிலிருந்து ஒருவன் வருகிறான், ஒவ்வொருவரும் தத்தம் ஆசைக்கும் பயத்துக்கும் ஏற்ப அவனுக்குப் பெயரிடுகிறார்கள், ஒரு குழந்தைக்கு மட்டும் அவன் தெரிகிறான், பிறகு போய்விடுகிறான். மங்கள்பூரின் கட்டமைப்பு அப்படியே இருக்கிறது. விண்கலம் மட்டும்தான் இல்லை. பாஸ்போர்ட் காட்டச் சொல்லி விரட்டப்படும் அந்த முதியவர் பாத்திரத்தில், தன் சொந்தத் திரைக்கதைக்கே உரிமை நிரூபிக்க வேண்டிவந்த ஒரு கலைஞரின் காயமும் கொஞ்சம் கலந்திருப்பதாக எனக்குப் படுகிறது.

ராய் குடும்பத்துக்கு வெளியே இந்தத் திரைக்கதை நெடுங்காலம் வதந்தியாகத்தான் வாழ்ந்தது. அதனால் நேர்ந்தது விசித்திரம். நட்பான வேற்றுக்கிரகவாசி இந்தியப் பெருந்திரைக்கு வந்தபோது அமெரிக்கா வழியாக வந்தான். 2003இல் வெளியான ‘கோயி மில் கயா’வின் ‘ஜாது’வைப் பார்த்த எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது ‘ஈ.டி.’தான், பங்குபாபு அல்ல. 2024 பொங்கலுக்கு வந்த ‘அயலான்’ படத்தில் மண்ணைக் காக்க ஒரு வேற்றுக்கிரகவாசி வருகிறான், கிராமத்து இளைஞன் ஒருவனோடு கூட்டுச் சேருகிறான், பூமியை ஆழத் துளையிடும் முதலாளியை எதிர்க்கிறான். துளையிடும் எந்திரமும், நிலமும், விருந்தாளியும் ராயின் பிரதியில் 57 ஆண்டுகளுக்கு முன்பே ஒரே ஊரில் சந்தித்துவிட்டன. அந்தப் படத்தை எடுத்தவர்கள் ராயைப் பின்பற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் நிலத்தில் இந்தக் கதையைச் சொல்ல முற்படுகிறவர் வயலுக்கும் துளைக்கும் வந்து சேர்ந்தே ஆகவேண்டும் என்பதை ராய் முதலில் கண்டுகொண்டார் என்கிறேன்.

2018இல் சந்தீப் ராய், திரைக்கதையையும் தந்தையின் ஓவியங்களையும் கடிதங்களையும் தொகுத்து ‘ட்ராவெய்ல்ஸ் வித் தி ஏலியன்’ என்ற நூலாகக் கொண்டுவந்தார். ஸ்பீல்பெர்கை வைத்து மட்டும் பேசிக்கொண்டிருந்த நமக்கு இப்போது மூலமே கையில் இருக்கிறது. படிக்கிறவர்களுக்கு அதன் சிரிப்பு முதலில் வியப்பளிக்கும். அதைவிட வியப்பு, காட்சிக்குக் காட்சி அது எத்தனை சிக்கனமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது. பெரும் பொருட்செலவுப் படமாகப் பேசப்பட்டதில் பாதிக்கு மேல் குளக்கரையிலும் வயல் வரப்பிலும் நடக்கிறது.

யாரேனும் ஒருநாள் அதை எடுக்க முன்வரக்கூடும். இன்றைய கணினி வரைகலைக்குக் குளத்துக் கலசமும் முற்றும் நெல்லும் பெரிய காரியமில்லை. அப்படி வருகிறவர் கதையை இந்த நூற்றாண்டுக்கு மாற்றிவிடாமல், 1967இன் கோடையிலேயே வைத்து எடுக்க வேண்டும். ரேஷன் கடை வரிசை, அமெரிக்கக் கோதுமை மூட்டை, வறண்ட குழாய்க்கிணறு எல்லாம் அங்கே இருக்க வேண்டும். முக்கியமாக அந்த உருவத்தில் கைவைக்கக் கூடாது. பொம்மைக் கடையில் விற்கத்தக்க அழகு எதுவும் அதற்கு வேண்டாம். ஒட்டிய விலாவும் கண் குழிகளும் ராய் வரைந்தபடியே இருக்கட்டும்.